தோட்டப் பட்டணத்து நூலகத்தில் தமிழ்க் குடும்ப நேரம்: தொடங்குவதும் தொடர்ந்து நடத்துவதும்

எங்கள் ஊர் மலேசியாவின் கெடா மாநிலத்தில் தெற்குப் பக்கம், பாடாங் செராய்க்கும் கூலிமுக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கும் ஒரு சின்னத் தோட்டப் பட்டணம். ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் மிச்சமிருக்கும் கொஞ்சம் பால்மரம். நடுவில் இரண்டு வரிசைக் கடைகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு பொது நூலகம். நூலகத்தின் பின்சுவர் ஓரம் ஒரு தமிழ் அடுக்கு உண்டு. அங்குள்ள கதை, கவிதைப் புத்தகங்களின் முதுகில் 894.811 என்ற எண் ஒட்டியிருக்கும். நூலகங்களில் புத்தகங்களை வகை பிரிக்கும் டியூவி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கான எண் அது. பல வருடம் அந்த அடுக்கின் முன்னால் யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை அந்த இடத்தில் பாய் விரித்து, பிள்ளைகளும் அம்மா அப்பாக்களும் தாத்தா பாட்டிகளுமாக உட்காருகிறோம். நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து நடத்துகிறோம். "எங்கள் ஊரிலும் செய்யலாமா, எங்கே தொடங்குவது?" என்று பக்கத்து ஊர்களில் இருந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ இருப்பவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். குடும்ப நிகழ்ச்சி என்று பெயர் வைத்தால் பாட்டிக்கும் அதில் ஒரு வேலை இருக்க வேண்டும். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் மோட்டாரில் உட்கார்ந்து போன் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டால், மூன்றாவது மாதம் யாரும் வரமாட்டார்கள்.

முதலில் நீங்கள் போய் உட்காருங்கள்

திட்டம் எதுவும் போடுவதற்கு முன் இரண்டு மூன்று முறை நூலகத்துக்குச் சும்மா போய்வாருங்கள். வெவ்வேறு நேரத்தில் போங்கள். எந்த நேரம் கூட்டம், எந்த மூலையில் வெயில் அடிக்கிறது, மின்விசிறி எங்கே இருக்கிறது, கழிவறை எங்கே என்று பாருங்கள். சிறுவர் பகுதியில் தரை விரிப்பு இருக்கிறதா? நாற்காலியில் உட்காரச் சிரமப்படும் பாட்டியும், தரையில் உட்கார முடியாத தாத்தாவும் வருவார்கள். இரண்டுக்கும் இடம் வேண்டும்.

உறுப்பினர் அட்டை எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் எடுங்கள். இரண்டு தமிழ்ப் புத்தகமாவது கடன் வாங்கி, தேதிக்குள் திருப்பிக் கொடுங்கள். அடுத்த வாரம் போகும்போது அங்கே வேலை செய்யும் மலாய் அக்கா உங்களுக்குப் பழக்கமாகிவிட்டிருப்பார். அவரிடம்தான் நாளைக்கு அறை கேட்கப் போகிறீர்கள். முகம் தெரியாத ஒருவர் கொண்டுவரும் கடிதத்துக்கும், வாரா வாரம் புத்தகம் எடுக்கும் ஒருவர் கொண்டுவரும் கடிதத்துக்கும் வித்தியாசம் உண்டு.

பேசும்போது அவர்களுக்கு என்ன தேவை என்றும் கேளுங்கள். நூலகங்கள் வருகை எண்ணிக்கை, கடன் எண்ணிக்கை, நடத்திய நிகழ்ச்சிகள் என்று மேலிடத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். 2021 முதல் 2030 வரை தேசிய வாசிப்புப் பத்தாண்டு என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. 'டெக்காட் மெம்பாச்சா கெபாங்சாஆன்' என்ற பெயரை நூலகச் சுவரிலேயே பார்த்திருப்பீர்கள். ஆகவே நீங்கள் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. அவர்கள் செய்ய வேண்டிய வேலைக்குக் கை கொடுக்கப் போகிறீர்கள்.

நாள் பார்ப்பது

எங்கள் முதல் நிகழ்ச்சிக்கு வந்தது மூன்று பிள்ளைகள். தவறு எங்களுடையது. வெள்ளிக்கிழமை காலை வைத்தோம். கெடாவில் வெள்ளியும் சனியும் அரசாங்க விடுமுறை, பள்ளிக்கூடம் ஞாயிறு முதல் வியாழன் வரை. பிள்ளைகளுக்கு லீவுதானே என்று நினைத்தோம். ஆனால் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பெற்றோருக்கு ஓய்வு நாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பிள்ளைகள் பள்ளியில். அதாவது அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு முழு நாள் ஓய்வு கிடைப்பதே இல்லை. இதைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே உறைத்தது.

நீங்களும் ஒரு தாளை எடுத்து ஏழு நாளுக்கும் கட்டம் போடுங்கள். தோட்ட வேலை எத்தனை மணிக்கு முடிகிறது, தொழிற்சாலை ஷிப்ட் எப்போது மாறுகிறது, டியூஷன் எப்போது, கோயிலில் தேவார வகுப்பு எப்போது, பசார் மாலாம் (இரவுச் சந்தை) எந்த நாள் என்று நிரப்புங்கள். எங்களுக்கு மிஞ்சியது சனிக்கிழமை மூன்றரை மணிக்கு மேல். குலை வெட்டுகிறவர்கள் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டிருப்பார்கள், நூலகமும் திறந்திருக்கும்.

அப்புறம் எந்த சனிக்கிழமை? 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மாதச் சம்பளக்காரர்களுக்கு ஏழாம் தேதிக்குள் பணம் கைக்கு வந்துவிடும். இரண்டாவது சனிக்கிழமை எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் நடுவில்தான் விழும். வேனுக்குக் கொடுக்கவும் பெட்ரோல் அடிக்கவும் காசு இருக்கும், மளிகை வாங்கப் பட்டணத்துக்கு எப்படியும் வருவார்கள். மாதக் கடைசியில் வைத்திருந்தால் ஐந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் லயத்து (தோட்ட வரிசைவீட்டு) குடும்பங்கள் வரமாட்டார்கள். வர மனம் இல்லாமல் இல்லை, வண்டிக்குக் காசு இருக்காது.

ஒருமுறை நாள் முடிவு செய்தால் அதை மாற்றாதீர்கள். தைப்பூசமோ தீபாவளியோ குறுக்கே வந்தால் அந்த மாதம் விட்டுவிடலாம். கோயிலில் ஆடித் திருவிழா என்றால் கோயில் வாசலிலேயே ஒரு சின்ன மேசை போட்டுவிடலாம். ஆனால் "இந்த மாதம் மூன்றாவது வாரம், அடுத்த மாதம் முதல் வாரம்" என்று ஆடக்கூடாது. "ரெண்டாவது சனி" என்பது பேச்சில் ஒட்டிக்கொள்ள எங்களுக்கு ஆறு மாதம் ஆனது.

கடிதமும் கெர்த்தாஸ் கெர்ஜாவும்

கடிதம் மலாயில் இருக்கட்டும். ஒரு பக்கக் கடிதம், கூடவே இரண்டு மூன்று பக்கத்தில் கெர்த்தாஸ் கெர்ஜா, அதாவது திட்ட அறிக்கை. அதில் நோக்கம், நாள், நேரம், இடம், எத்தனை பேர், எந்த வயது, தெந்தாதிப் (நிகழ்ச்சி நிரல்), செலவு, பொறுப்பாளர் பெயர்கள் இருந்தால் போதும். குறைந்தது ஆறு வாரத்துக்கு முன் கொடுங்கள். சின்ன நூலகமாக இருந்தாலும் மாநில நூலகக் கழகத்தின் தலைமையகம் வரை அனுமதிக்குப் போக வேண்டியிருக்கலாம்.

முடிந்தால் ஓர் அமைப்பின் பெயரில் கேளுங்கள். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம், ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் சங்கம்), எது உங்கள் ஊரில் உயிரோடு இயங்குகிறதோ அது. ஒரு வருடத்துக்கும் சேர்த்து ஒரே கடிதத்தில் பன்னிரண்டு தேதிகளைக் கேட்டுவிடுங்கள். மாதா மாதம் கடிதம் எழுதினால் நீங்களும் சோர்ந்துபோவீர்கள், அவர்களும் சோர்ந்துபோவார்கள்.

கெர்த்தாஸ் கெர்ஜாவில் ஒரு வரியை மறக்காமல் சேருங்கள்: நிகழ்ச்சி எல்லா இனத்துக்கும் திறந்தது, ஒவ்வொரு முறையும் மலாயில் ஒரு கதையாவது சொல்லப்படும் என்று. இது வெறும் அனுமதிக்காகச் சொல்வதில்லை. அது எப்படி நிகழ்ச்சியையே வளப்படுத்தும் என்று கீழே சொல்கிறேன்.

ஆட்களைக் கூப்பிடுவது

அழகான போஸ்டர் செய்வதில் இரண்டு இரவைக் கழிக்காதீர்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் போஸ்டர்கள் கொட்டிக் கிடக்கின்றன, யாரும் திறப்பதில்லை. எங்களுக்குப் பலன் கொடுத்தது குரல் பதிவு. நாற்பது விநாடி, தமிழில், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு குரல். "சனிக்கிழம மூன்றரைக்கு லைப்ரரில கதை இருக்கு. பாட்டிய கண்டிப்பா கூட்டிட்டு வாங்க, அவங்களுக்குத்தான் வேலை." இப்படி ஒன்று போனால் அதை ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புகிறார். எழுத்துப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களும் கேட்டுவிடுகிறார்கள்.

பள்ளியில் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் ஒரு நிமிடம் கேட்டு வாங்கிச் சொல்லுங்கள். தோட்டத்து ஆயாக் கொட்டகை இன்னும் இருக்கும் இடங்களில் ஆயாவிடம் சொன்னால் சின்னப் பிள்ளை வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் அன்று மாலையே செய்தி போய்விடும். வேன் ஓட்டும் அண்ணனிடம் முன்கூட்டியே பேசி, ஒரு வண்டிக்கு எவ்வளவு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தூரம்தான் தோட்டப் பிள்ளைகளின் பெரிய தடை.

ஒன்றரை மணி நேரம் எப்படிப் போகும்

மூன்றேகாலுக்குக் கதவருகே ஒருவர் நிற்க வேண்டும். பெயர் கேட்டு, சட்டையில் பெயர்ச் சீட்டு ஒட்டி, வருகைப் புத்தகத்தில் எழுத வைப்பது அவர் வேலை. பெரிய பிள்ளைகளிடம் இதை ஒப்படைத்தால் மிகப் பொறுப்பாகச் செய்கிறார்கள்.

தொடக்கம் விடுகதை. தாமதமாக வருகிறவர்களுக்கும் அது நேரம் கொடுக்கும். ஒருமுறை "அம்மா படுத்திருப்பாள், மகள் ஓடியாடுவாள், அது என்ன?" என்று கேட்டோம். பிள்ளைகள் பூனை என்றார்கள், கார் என்றார்கள். யாருக்கும் வரவில்லை. பின்னால் நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முன்னும் பின்னும் தள்ளிக் காட்டினார். இடது கை ஓரத்தில் மசாலாவை ஒதுக்கித் திரும்ப நடுவில் போடுவது வரை செய்து காட்டினார். அம்மியும் குழவியும். ஆறு வயதுப் பையன் ஒருவன் "அது பிளெண்டரா பாட்டி?" என்று கேட்டான். "ஆமாண்டா, கரண்டு இல்லாத பிளெண்டர்" என்றார். அந்தப் பாட்டி அதற்குப் பிறகு ஒரு மாதமும் தவறவிட்டதில்லை.

அடுத்து வாசிப்பு. இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும். நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கதை ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. புத்தகத்தை மடியில் வைக்காமல் தோள் உயரத்தில், படம் பிள்ளைகளைப் பார்த்து இருக்கும்படி பிடியுங்கள். நீங்கள் பக்கவாட்டில் இருந்து படிக்க வேண்டும். முந்தின நாள் வீட்டில் சத்தமாக ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.

தமிழ்ப் படப்புத்தகங்களில் ஒரு சிக்கல் உண்டு. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறு. மூன்று வயதுப் பிள்ளை வீட்டில் கேட்பது பேச்சுத் தமிழ். "யானை ஆற்றில் இறங்கியது" என்று படித்தால் அதற்குப் புரியாத பாஷை மாதிரி இருக்கும். முழுக்கப் பேச்சு நடையிலேயே சொல்லிவிட்டால், நாளைக்குப் பள்ளியில் எழுத்து நடையைப் பார்த்து மிரளும். நாங்கள் செய்வது இரண்டையும். முதலில் புத்தகத்தில் உள்ள வரியை உள்ளபடியே, நிதானமாகப் படிக்கிறோம். உடனே படத்தைக் காட்டி, "பாத்தீங்களா, ஆன ஆத்துல எறங்கிருச்சு" என்கிறோம். நான்கைந்து பக்கத்துக்குள் பிள்ளைகள் தாங்களே இரண்டாவது வரியைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இதைவிட நல்ல மொழிப்பாடம் எனக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் அச்சான புத்தகங்களில் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத சொற்கள் வரும். வரட்டும். நிறுத்தி, "நாம இத என்ன சொல்லுவோம்?" என்று கேளுங்கள். தமிழ் குறைவாகத் தெரிந்த, தேசியப்பள்ளிக்குப் போகிற தமிழ்ப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களை யாரும் திருத்தவோ கேலி செய்யவோ விடாதீர்கள். மலாயில் பதில் சொன்னால் அதைத் தமிழில் நீங்கள் திரும்பச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

இரண்டாவது கதை மலாய்க் கதை. எங்களுக்கு மிகவும் பிடித்த ஜோடி ஒன்று இருக்கிறது. நூலகத்து அக்கா சாங் கஞ்சில் கதை சொல்வார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழத்துக்கு ஆசைப்பட்ட சருகுமான், ராஜாவின் விருந்துக்காக எண்ண வேண்டும் என்று சொல்லி முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, அவற்றின் முதுகில் குதித்துக் குதித்து அக்கரை போய்விடும். "சத்து, டுவா, தீகா, லெக்கோ, ஜந்தான், பெத்தினா, ஆக்கு கெத்தோ" என்று அவர் சொல்லும்போது அறையில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும், எந்த இனமாக இருந்தாலும், கூடச் சொல்கிறார்கள். அது முடிந்த கையோடு நம் பக்கத்தில் இருந்து ஒரு தாத்தா பஞ்சதந்திரத்துக் குரங்கும் முதலையும் சொல்வார். இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று குரங்கு தப்பிக்கும் கதை. இரண்டிலும் ஆறு, இரண்டிலும் ஏமாந்துபோகும் முதலை. யார் அதிகக் கெட்டிக்காரர், சருகுமானா குரங்கா என்று கேட்டுவிட்டால் பதினைந்து நிமிடம் தானாக ஓடும். மலாய்க் குடும்பங்கள் இரண்டு மூன்று எங்கள் நிகழ்ச்சிக்குத் தொடர்ந்து வர ஆரம்பித்தது இந்தக் கதைக்குப் பிறகுதான்.

கதைகள் முடிந்ததும் இருபது நிமிடம் கைவேலையோ விளையாட்டோ. அதற்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கிப் புத்தகம் எடுக்க விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தை எதற்காகவும் வெட்டாதீர்கள். யாரும் தொடாத புத்தகங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அடுக்கில் இருந்து கழிப்பது நூலகங்களில் வழக்கமான வேலை. தமிழ்ப் புத்தகம் கடன் போகவில்லை என்றால் புதிதாக வாங்கவும் காரணம் இருக்காது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் சொன்னார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நம் ஊரில் அந்த வாசகரை நூலகம் தேடி வரும் என்று காத்திருக்காமல், பிள்ளையின் கையைப் பிடித்து 894.811 அடுக்குக்கு நாமே கூட்டிப் போக வேண்டும்.

பெரியவர்களின் மேசை

பிள்ளைகள் கைவேலையில் இருக்கும்போது ஒரு மூலையில் பெரியவர்களை உட்கார வைத்து, ஒரு பொருளைக் கையில் கொடுத்துப் பேச வையுங்கள். "உங்க வாழ்க்கையப் பத்தி சொல்லுங்க" என்றால் யாருக்கும் பேச்சு வராது. ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்றை எடுத்து மேசையில் வையுங்கள், அப்புறம் நிறுத்த முடியாது.

எங்கள் ஊரில் அப்படி மங்கு ஒன்றைக் கையில் வாங்கிய தாத்தா, முதலில் விரலை உள்ளே விட்டு அடியைத் தடவிப் பார்த்தார். ஒட்டுப்பால் உரித்தெடுத்த பழக்கம், கை மறக்கவில்லை. பிறகு விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போனது, மழை வந்தால் அன்றைய பால் வீணானது என்று ஒவ்வொன்றாக வந்தது. சொற்களும் கூடவே வந்தன: தீம்பார், பெரட்டு, மங்கு, காண்டா, கிராணி, மண்டோர். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இவற்றை நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். இப்போது அந்த நோட்டில் எண்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன, பக்கத்தில் சொன்னவரின் விளக்கம் அவர் வார்த்தையிலேயே இருக்கிறது.

பதிவு செய்வதாக இருந்தால் போனே போதும். மேசைமேல் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் வையுங்கள், இரைச்சல் குறையும். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். இருபது நிமிடம் போதும். தொடங்கும்போது தேதி, ஊர், யார் பேசுகிறார் என்பதைக் குரலிலேயே சொல்லிவிடுங்கள். பதிவை யார் கேட்கலாம் என்று அவரிடமே கேட்டு, அதையும் பதிவிலேயே இருக்கவிடுங்கள்.

ஜப்பான்காரன் காலத்துப் பேச்சு வந்தால் நிதானமாக இருங்கள். தோட்டங்களில் இருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது, போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இன்றைக்கு இருக்கும் பெரியவர்களில் பலர் தங்கள் அப்பாவோ தாத்தாவோ போனதைக் கேட்டு வளர்ந்தவர்கள். சிலர் வீட்டில் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு ஒன்று டின்னில் இருக்கும். அதைக் கொண்டுவந்து காட்டச் சொல்லலாம். அழுதால் பதிவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் அனுப்பிவிட வேண்டாம். அவர்கள் குடும்பத்துக் கதைதான் அது.

புத்தகம் எங்கே கிடைக்கும்

அடுக்கில் இருக்கும் தமிழ்ப் புத்தகங்கள் குறைவாகவும் பழையதாகவும் இருக்கலாம். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வாங்கச் சொல்லிக் கேட்பது. "தமிழ்ப் புத்தகம் வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் தமிழ் தெரியாத ஊழியரால் எதுவும் செய்ய முடியாது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஐ.எஸ்.பி.என். எண், விலை, எந்த வயதுக்கு என்று இருபது புத்தகங்களுக்கு மலாயில் பட்டியல் போட்டுக் கொடுங்கள். எங்கள் பட்டியலில் பாதிக்கும் குறைவாகத்தான் முதல் வருடம் வந்தது. அடுத்த வருடமும் கொடுத்தோம்.

இரண்டாவது, இணையம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். திறந்த உரிமத்தில் இருப்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயரோடு தாராளமாக அச்செடுத்துக்கொள்ளலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். எங்களுடைய பெரிய அளவு கதைத் தாள்கள் எல்லாம் அங்கிருந்து எடுத்தவை. பெரியவர்களுக்குப் பழைய இலக்கியம் வேண்டுமானால் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. கடையில் விற்கும் புத்தகத்தை முழுதாக நகலெடுத்துக் கொடுக்காதீர்கள். மலேசியாவில் ஆசிரியர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 50 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. நம் தமிழ் எழுத்தாளர்களுக்கு வரும் வருமானம் ஏற்கெனவே சொற்பம்.

மூன்றாவது, நன்கொடை. கரையானும் பூஞ்சையும் பிடித்த புத்தகங்களை வாங்காதீர்கள். ஒன்று மொத்த அடுக்கையும் கெடுத்துவிடும்.

நடமாடும் நூலகம் உங்கள் மாவட்டத்தில் ஓடுகிறதா என்று கேளுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரு நிறுத்தம் கேட்டு எழுதலாம். பள்ளிகளுக்கு மொத்தமாகப் புத்தகம் கடன் கொடுக்கும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டு.

பெரிய நாள்

வருடத்தில் ஒன்று இரண்டு முறை கொஞ்சம் பெரிதாகச் செய்யலாம். பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். இரண்டுக்கும் நூலகத்தின் பக்கமே ஆர்வம் இருக்கும். இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பெரிய நாளில் மேடை, மைக், பிரமுகர் என்று போய்விடும், பிள்ளைகள் வெயிலில் காத்திருப்பார்கள். அந்த உழைப்பை மாதச் சனிக்கிழமைக்குக் கொடுப்பது மேல்.

பெரிய நாளுக்கு எங்களுக்குக் கைகொடுத்தது விளையாட்டு மேசை. ஒரு பக்கம் பல்லாங்குழி, இன்னொரு பக்கம் சோங்காக். நம் பலகையில் ஏழு ஏழாகப் பதினான்கு குழி. சோங்காக்கில் பெரும்பாலும் அதே பதினான்கோடு, இரண்டு முனையிலும் பெரிய வீடு ஒன்று கூடுதலாக இருக்கும். ஒரு பாட்டியும் ஒரு நேனேக்கும் (மலாய்ப் பாட்டியும்) எதிரெதிரே உட்கார்ந்து, அவரவர் விதியை மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கப் பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். மொழி பாதிதான் புரிந்தது, ஆட்டம் முழுக்கப் புரிந்தது.

காய்களுக்குப் புளியங்கொட்டை நல்லது. ரப்பர் விதை அழகாக இருக்கும், பெரியவர்கள் கையில் எடுத்ததுமே சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடு வைத்த கதையைச் சொல்வார்கள். ஆனால் பச்சை ரப்பர் விதையில் நச்சு உண்டு, தொண்டையிலும் அடைக்கும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் இருக்கும் மேசையில் எந்த விதையையும் வைக்க வேண்டாம்.

பெரிய பிள்ளைகளும் பெற்றோரும்

பதின்ம வயதினரைக் கதை கேட்க உட்காரச் சொன்னால் வரமாட்டார்கள். பதிவு, படம் எடுப்பது, மலாய் அறிக்கை எழுதுவது, சின்னவர்களுக்குப் படிப்பது என்று வேலை கொடுங்கள். எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறவர்களுக்கு வீட்டில் அமைதியான மேசை கிடைப்பது அரிது. நூலகத்தில் அவர்களுக்கென்று ஒரு மூலை கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

பெற்றோருக்கு நாங்கள் ஓர் உதவி மேசை போடுகிறோம். எஸ்.டி.ஆர். போன்ற உதவித்தொகை விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பத் தெரியாமல் கடையில் காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களே தட்டட்டும், நாம் பக்கத்தில் இருந்து காட்டினால் போதும். அவர்களுடைய கடவுச்சொல்லை நாம் எழுதி வைக்கவே கூடாது.

பணம், சாப்பாடு, படங்கள்

மாத நிகழ்ச்சிக்கு எங்களுக்கு 60 முதல் 80 வெள்ளி (ரிங்கிட்) வரை ஆகிறது. வண்ணத்தாள், அச்சு, சிராப் தண்ணீர், சுண்டல். கோயிலும் ஒரு மளிகைக் கடையும் மாற்றி மாற்றி ஏற்றுக்கொள்கிறார்கள். கணக்கை ஒரு நோட்டில் எழுதி, யார் கேட்டாலும் காட்டுங்கள். சாப்பாட்டை வாசிக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், முகப்புக் கூடத்தில் வையுங்கள். முஸ்லிம் குடும்பங்களும் வருவதால் பழங்களும் ஹலால் முத்திரை உள்ள பிஸ்கட்டும் தனித் தட்டில் இருக்கட்டும்.

பிள்ளைகளின் படத்தைப் பொதுவில் போட வேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதலை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். பெயர், போன் எண் உள்ள வருகைத் தாளை மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிள்ளையை அழைத்துப் போக வருபவர் யார் என்று தெரியாமல் வெளியே விடாதீர்கள்.

ஐந்து மணிக்குப் பிறகு

கூட்டம் கலைந்ததும் பாயைச் சுருட்டி, நாற்காலிகளைப் பழைய இடத்தில் போட்டு, தரையைப் பெருக்கிவிட்டுப் போங்கள். புளியங்கொட்டை ஒன்று அடுக்குக்கு அடியில் உருண்டு கிடந்தால்கூட அடுத்த நாள் பெருக்குகிறவருக்குத் தெரியும்.

அன்று இரவே நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், அதில் எத்தனை குடும்பங்கள் போன மாதமும் வந்தவை, புதிதாக எத்தனை உறுப்பினர் அட்டை, எத்தனை தமிழ்ப் புத்தகங்கள் கடன் போயின. முதல் எண்ணைப் பார்த்து மகிழவோ சோரவோ வேண்டாம். நாங்கள் இரண்டாவது எண்ணைத்தான் பார்ப்போம். ஒரு வாரத்துக்குள் மலாயில் ஒரு பக்க அறிக்கையும் மூன்று படங்களும் நூலகத்துக்குப் போய்விட வேண்டும். அவர்கள் மேலிடத்துக்கு அனுப்ப அது உதவும், அடுத்த வருடத்துக் கடிதத்துக்கு அதையே இணைக்கலாம்.

வராத குடும்பத்துக்குப் போன் போடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காமல், பாட்டி எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். காரணம் தானாக வரும். ஒருமுறை வேன் வரவில்லை, இன்னொரு முறை பிள்ளைக்குப் போட நல்ல சட்டை இல்லை என்று ஓர் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த மாதத்தில் இருந்து எங்கள் குரல் பதிவில் "வீட்டுச் சட்டையோடயே வாங்க" என்று ஒரு வரி சேர்ந்துவிட்டது.